ஒரே கம்பியில் மின்சாரமும் செய்தியும்: ஸ்விட்சின் காவலும் முன்னுரிமையும்

நம் நகரங்களிலிருந்த பழைய தொலைபேசி நிலையங்களைக் கண்டவர்கள், அங்கே ஒரு தனி அறையில் பெரிய பாட்டரிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருந்ததை அறிவார்கள். அவ்வரிசையின் மின்னழுத்தம் 48 வோல்ட். சந்தாதாரர் வீட்டுத் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் அங்கிருந்தே, பேச்சு செல்லும் அதே இரு கம்பிகளின் வழியாக வந்தது. ஆகவே ஊர் முழுவதும் விளக்கணைந்து கிடந்த இரவிலும் தொலைபேசி மட்டும் பேசிற்று. இந்த வசதியை அந்நாளில் யாரும் ஒரு வசதியாகவே எண்ணவில்லை. அது போன பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

பேச்சை எண்களாக மாற்றிக் கணிப்பொறி வலையின் வழியே அனுப்பும் தொலைபேசிகள் வந்தபோது, ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஒரு மின் அடாப்டர் தேவைப்பட்டது. மின்சாரம் நின்றால் தொலைபேசியும் நின்றது. இக்குறையை நீக்கும் பொருட்டு, செய்தி செல்லும் கம்பியிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் முறை வகுக்கப்பட்டது. ஐ.ஈ.ஈ.ஈ. என்னும் பொறியாளர் கழகம் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட 802.3ஏஎப் என்ற விதிமுறை இதற்கு முதன் முதலாகப் பொது இலக்கணம் அமைத்தது. விசித்திரம் என்னவெனில், புதுமுறையின் மின்னழுத்தமும் ஏறக்குறைய அதே 48 வோல்ட்தான்.

இன்று தொலைபேசி மட்டுமன்றி, கம்பியில்லா இணைப்பு தரும் வைஃபை பெட்டி, கண்காணிப்புக் காமிரா, வாயிற் கதவைத் திறக்கும் அட்டைக் கருவி ஆகிய பலவும் இவ்விதம் கம்பியாலேயே ஊட்டப்படுகின்றன. இவற்றையெல்லாம் ஓரிடத்தில் இணைத்து, செய்தியைப் பங்கிட்டும் மின்சாரத்தை வழங்கியும் நிற்கும் பெட்டிக்கு ஸ்விட்சு என்று பெயர். மொழிபெயர்ப்பாளனுக்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு. விளக்கைப் போடும் பொத்தானும் ஸ்விட்சு, இதுவும் ஸ்விட்சு. இதற்கென நல்ல தமிழ்ச் சொற்கள் சிலவற்றைப் பலர் ஆக்கித் தந்திருக்கின்றனர். ஆயினும் களத்தில் ஏணி மீது நிற்கும் ஊழியர் கீழே நிற்பவரிடம் கேட்பது ஸ்விட்சைத்தான். ஆதலால் இக்கட்டுரையிலும் அச்சொல்லே நிற்கட்டும்.

இவ்விஷயம் ஆசிரியர்களுக்கு ஏன் என்று கேட்கலாம். 2025-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், தன் இணைப்பைப் பெற்ற பள்ளிகள் வாயில்களிலும் தாழ்வாரங்களிலும் வகுப்பறைகளிலும் காமிராக்கள் அமைத்து, பதிவுகளைக் குறைந்தது 15 நாட்கள் வைத்திருக்க வேண்டுமென்று விதித்தது. கிராமப் பஞ்சாயத்துக்களை ஒளியிழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தில் பணியாற்றும் கள ஊழியர்களுக்கோ ஸ்விட்சு அன்றாடப் பொருள். பள்ளியில் பெட்டியைப் பொருத்திவிட்டு ஒப்பந்தக்காரர் போய்விடுகிறார். பிறகு அதனோடு வாழ்பவர் தலைமையாசிரியர்.

முதலில், மின்சாரம் கம்பியில் எவ்வாறு ஏறுகிறது என்பதைக் காண்போம். ஸ்விட்சின் ஒரு வாயிலில் எதைச் செருகினாலும் அது உடனே 48 வோல்ட்டைப் பாய்ச்சி விடுவதில்லை. அவ்வாறு செய்தால் மின்சாரம் வேண்டாத கணிப்பொறியைச் செருகும்போது தீங்கு நேரலாம். ஆகையால் ஸ்விட்சு முதலில் 3 வோல்ட் முதல் 10 வோல்ட் வரையிலான மெல்லிய அழுத்தத்தைக் கொடுத்து மறுமுனையைத் தட்டிப் பார்க்கிறது. அங்கே சுமார் 25,000 ஓம் மின்தடை தென்பட்டால், இது மின்சாரம் பெறத்தக்க கருவி என்று உணர்கிறது. அடுத்து 15 முதல் 20 வோல்ட் அளவில் மீண்டும் ஒரு சோதனை. அப்போது கருவி உறிஞ்சும் மின்னோட்டத்தின் அளவைக் கொண்டு, அது எத்தனை வாட் கேட்கும் இனத்தைச் சேர்ந்தது என்பது தெரிய வருகிறது. அதன் பின்னரே முழு அழுத்தம் ஏறுகிறது. கருவியைப் பிடுங்கிவிட்டால் மின்னோட்டம் இல்லாமற் போவதைக் கண்டு, அரை விநாடிக்குள் ஸ்விட்சு மின்சாரத்தை நிறுத்திவிடும். இக்கேள்வி பதில் ஏதுமின்றிக் கண்ணை மூடிக்கொண்டு மின்சாரம் ஊட்டும் மலிவான பெட்டிகளும் கடைகளில் உள்ளன. அவற்றின் வாயிலில் வேறு கருவியைத் தவறிச் செருகினால் அக்கருவி கருகிவிடக் கூடும். வாங்குமுன் இதைக் கேட்டுத் தெளிவது நலம்.

பௌதிக ஆசிரியர்கள் கரும்பலகையில் செய்து காட்டத்தக்க கணக்கு ஒன்று இதில் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு விதிப்படி ஸ்விட்சின் வாயில் கொடுக்கும் குறைந்த அழுத்தம் 44 வோல்ட், மின்னோட்டம் 0.35 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 15.4 வாட். ஆனால் மறுமுனைக் கருவிக்கு உறுதி செய்யப்பட்டது 12.95 வாட் மட்டுமே. மீதி எங்கே போயிற்று? நூறு மீட்டர்க் கம்பியின் மின்தடை, போகவும் வரவுமாக, மிகுதியாக 20 ஓம் என்று கொள்ளப்பட்டது. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்க, 0.35 × 0.35 × 20 = 2.45 வாட். 15.4-இலிருந்து 2.45-ஐக் கழித்தால் 12.95. விதிமுறையில் அச்சான எண் ஓமின் விதியிலிருந்து இப்படி நேராக இறங்கி வருவதைக் காணும் மாணவர், பாடப்புத்தகத்தைச் சற்று மதிப்புடன் நோக்குவர். 2009-ஆம் ஆண்டு விதி வாயிலின் வலிமையை 30 வாட்டாகவும், 2018-ஆம் ஆண்டு விதி நான்கு ஜோடிக் கம்பிகளையும் பயன்படுத்தி 60 வாட்டாகவும் 90 வாட்டாகவும் உயர்த்தின.

இக்கணக்கு பலிப்பது கம்பி செம்பாக இருந்தால்தான். அலுமினியத்தின் மேல் மெல்லிய செம்புப் பூச்சுப் பூசிய கம்பி, விலை குறைவு என்பதால் நம் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. அலுமினியத்தின் தடை செம்பைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எனவே கம்பியில் வெப்பமாக வீணாகும் சக்தியும் அந்த அளவுக்கு மிகும்; தொலைவிலுள்ள காமிரா இரவில் அணைந்து அணைந்து எரியும். கத்தியால் கம்பி முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பன்று.

ஒரு வாயிலுக்கு இத்தனை வாட் என்பது ஒரு புறம். பெட்டி முழுவதற்கும் இத்தனை வாட் என்ற மொத்த வரம்பு வேறொன்று. இவ்விரண்டையும் குழப்பிக் கொள்வதாலேயே பெரும்பாலான தொல்லைகள் விளைகின்றன. 24 வாயிலும் 370 வாட் வரம்பும் கொண்ட ஸ்விட்சு, வாயிலுக்கு 15.4 வாட் வீதம் 24 கருவிகளையும் தாங்கும். ஒவ்வொன்றும் 30 வாட் கேட்டால் 12 கருவிகளோடு கை ஓய்ந்துவிடும்.

இமயத்தின் அடிவாரத்து மாவட்டம் ஒன்றில் உள்ள உறைவிடப் பள்ளிக்கு, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பார்வைக் குழுவுடன் நான் சென்றிருந்தேன். என் வேலை கையேடுகளை மொழிபெயர்ப்பது, பெட்டிகளைத் திருத்துவதன்று. விடுதிக் காப்பாளர் அம்மையார் ஒரு புகாரைச் சொன்னார். மாலையில் விளக்கு வைக்கும் நேரத்தில் விடுதித் தொலைபேசி செத்துவிடுகிறது. விடிந்ததும் தானே உயிர் பெறுகிறது. அந்த மலைச்சரிவில் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடையாது. முந்தைய மாதம் ஒரு குழந்தைக்கு நள்ளிரவில் கடுங்காய்ச்சல் கண்டபோது, காவலாளி விளக்கை ஏந்திக்கொண்டு கீழூருக்கு நடந்து போய் வண்டி அழைத்து வர வேண்டியிருந்தது. தொலைபேசியை இருமுறை மாற்றிப் பார்த்துவிட்டார்கள். பகலில் வந்து சோதித்த ஊழியர், குறையே இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டுப் போயிருந்தார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. பகலில் உண்மையிலேயே குறை இல்லை.

குழுவிலிருந்த பொறியாளர் ஒருவர் ஸ்விட்சைத் திறந்து பார்க்கவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். எட்டு வாயில்கள். மொத்த வரம்பு 65 வாட். முதல் ஆறு வாயில்களிலும் காமிராக்கள், ஏழாவதில் வைஃபை பெட்டி, எட்டாவதில் தொலைபேசி. பகலில் காமிரா ஒன்றுக்கு 4.5 வாட், ஆறுக்கு 27. வைஃபை பெட்டிக்கு 8, தொலைபேசிக்கு 4. ஆக 39 வாட். இருட்டியதும் காமிராக்கள் தம் அகச்சிவப்பு விளக்குகளைத் தாமே ஏற்றிக் கொள்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அவ்வொளி காமிராவின் தேவையை 9 வாட்டாக்குகிறது. ஆறுக்கு 54, மற்ற இரண்டுக்கு 12, ஆக 66. வரம்பை ஒரு வாட் மிஞ்சியது. யாரும் முன்னுரிமை குறித்து வைக்கவில்லையாதலால், எல்லா வாயில்களும் ஒரே நிலையில் நின்றன. அந்நிலையில் அந்த ஸ்விட்சு, எண்ணில் கடைசியாக நின்ற வாயிலை முதலில் கைவிட்டது. அது எட்டாவது வாயில். குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் விளையாட்டு மைதானத்தின் காலி இருட்டைப் படமெடுக்க மின்சாரம் இருந்தது. மருத்துவரை அழைக்க இல்லை.

பரிகாரம் எளிது. பெரும்பான்மையான நல்ல ஸ்விட்சுகளில் ஒவ்வொரு வாயிலுக்கும் மின்சார முன்னுரிமை மூன்று படிகளாக அமைந்துள்ளது: இன்றியமையாதது, உயர்ந்தது, தாழ்ந்தது. தொலைபேசியின் வாயில் முதற் படிக்கு உயர்த்தப்பட்டது. ஆனால் அதோடு நின்றால் வேறொரு விளையாட்டு தொடங்கும். தாழ்ந்த படியிலுள்ள காமிரா அணையும். சற்று நேரத்தில் மின்சாரம் மிச்சமிருப்பதாகக் கண்டு மீண்டும் எழும். விளக்கை ஏற்றியதும் மறுபடி அணையும். ஆகவே இரண்டு காமிராக்கள் வேறு மின்வழிக்கு மாற்றப்பட்டன. ஸ்விட்சுகள் இருவகையாகக் கணக்கு வைக்கின்றன என்பதையும் கள ஊழியர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். ஒருவகை, கருவி தன் இனத்தைச் சொன்னதும் அதற்குரிய முழு அளவையும் ஒதுக்கி வைத்துவிடும். மற்றது உண்மையில் செலவாகும் அளவையே எண்ணும். முதலாவதில் கருவியைச் செருகும்போதே குறை தெரிந்துவிடும். இரண்டாவதில் மாலை வரை காத்திருக்க வேண்டும்.

மின்சாரத்துக்கு மட்டுமன்றிச் செய்திக்கும் முன்னுரிமை உண்டு. இரண்டும் வெவ்வேறானவை, ஒன்றை அமைத்தால் மற்றது தானே அமையாது.

தொலைபேசியில் நாம் பேசும் குரல் விநாடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிட்டுகளாக எழுதப்படுகிறது. ஆக விநாடிக்கு 64,000 பிட்டுகள். இவை 20 மில்லி செகண்டுக்கு ஒன்றாகச் சிறு பொட்டலங்களில் கட்டப்படுகின்றன. விநாடிக்கு 50 பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட்டுகள்; முகவரி முதலியன 40 பைட்டுகள். மொத்தத்தில் விநாடிக்கு 80,000 பிட்டுகள்தாம். காமிரா ஒன்றின் படமோ விநாடிக்குப் பல இலட்சம் பிட்டுகள். அளவில் குரல் ஏழை. ஆனால் அது காத்திருக்க மாட்டாத ஏழை. பேசியவர் வாயிலிருந்து கேட்பவர் செவிக்குச் செல்ல 150 மில்லி செகண்டுக்கு மேல் ஆகாதிருத்தல் நன்று என்பது சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் வழிகாட்டுதல். அதை வெகுவாகக் கடந்தால் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசத் தொடங்குவர். கடிதம் அரை விநாடி தாமதித்து வந்தால் யாருக்கும் தெரியாது. குரல் அப்படியன்று.

நெரிசல் எங்கே உண்டாகிறது? ஸ்விட்சின் உள்ளேயுள்ள பாதைகள் அகலமானவை; பெரும்பாலும் அங்கே நெரிசல் இராது. பள்ளியிலிருந்து வெளியே செல்லும் ஒற்றைப் பாதையில்தான் கூட்டம் சேரும். அப்பாதை விநாடிக்கு ஒரு கோடி பிட்டுகளைச் சுமப்பது என்று கொள்வோம். 1,500 பைட்டுப் பெரும் பொட்டலம் ஒன்று அதில் ஏறிச் செல்ல 1.2 மில்லி செகண்டு ஆகும். யாரோ ஒருவர் காமிராப் பதிவுகளைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறார். அவருடைய பொட்டலங்கள் நூறு வரிசையில் நிற்கின்றன. பின்னால் வந்து சேர்ந்த குரற் பொட்டலம் 120 மில்லி செகண்டு காத்து நிற்கும். வாசலைத் தாண்டுமுன்னரே அதன் ஆயுளில் பெரும்பகுதி கழிந்துவிட்டது. குரலுக்குத் தனி வரிசை இருந்தாலோ, முன்னே ஏறிவிட்ட ஒரே ஒரு பொட்டலம் நகரும் வரை, அதாவது 1.2 மில்லி செகண்டு மட்டும் காத்திருந்தால் போதும். ஆஸ்பத்திரி வண்டிக்கு வழிவிட, ஏற்கெனவே பாலத்தின் மேலுள்ள மாட்டுவண்டி இறங்கும் வரை நிற்க வேண்டியிருப்பதைப் போன்றது இது.

குரற் பொட்டலம் எது என்பதை ஸ்விட்சு எவ்வாறு அறியும்? பொட்டலத்தின் மேல் ஒரு முத்திரை இருக்கிறது. முத்திரைகள் இருவகை. ஒன்று, உள்வலையின் சட்டத்தில் 3 பிட்டு இடத்தில் 0 முதல் 7 வரை எழுதப்படுவது. குரலுக்கு வழக்கமாக 5. மற்றது, இணையப் பொட்டலத்தின் தலைப்பில் 6 பிட்டு இடத்தில் 0 முதல் 63 வரை எழுதப்படுவது, குரலுக்கு 46. இந்த 5-க்கும் 46-க்கும் என்ன உறவு என்று மாணவரைக் கேட்கலாம். 46-ஐ இரட்டை எண் முறையில் எழுதினால் 101110. அதன் முதல் மூன்று இலக்கங்கள் 101, அதாவது 5.

இங்கேதான் முன்னுரிமையும் காவலும் கைகோத்துக் கொள்கின்றன. முத்திரையைக் குத்துவது கருவியே. எந்தக் கணிப்பொறியும் தன் பொட்டலங்களின் மீது 46 என்று எழுதிக் கொள்ளலாம், தடுப்பார் இல்லை. ரயிலில் முதல் வகுப்புச் சீட்டைப் பயணியே அச்சிட்டுக் கொள்வதை ஒக்கும் இது. எனவே எந்த வாயிலில் வரும் முத்திரையை நம்புவது, எதை அழித்து 0 என்று திருத்துவது என்பதை ஸ்விட்சுக்குச் சொல்லி வைத்தல் வேண்டும். தொலைபேசி நிற்கும் வாயிலை நம்பலாம். அதன் முதுகில் செருகிய கணிப்பொறியை நம்பலாகாது. நம்பிய வாயிலுக்கும் ஓர் அளவு வேண்டும். ஒரு தொலைபேசிக்கு விநாடிக்கு ஓரிலட்சத்துச் சொச்சம் பிட்டுகள் போதுமாயிருக்க, அதே வாயிலிலிருந்து ஐம்பது இலட்சம் பிட்டுகள் முதல் வரிசைக்கு வருமானால், அது குரல் அன்று. அளவு மீறியதைத் தள்ளிவிடாவிட்டால், முதல் வரிசை ஓயாது ஓடி மற்ற வரிசைகள் பட்டினி கிடக்கும்.

நம் வாசலைத் தாண்டிப் பொது இணையத்தில் நுழைந்த பின் இம்முத்திரையைப் பிறர் மதிப்பார்கள் என்பதற்கு உறுதி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில கையேடுகள் இதைச் சொல்வதில்லை. நம் எல்லைக்குள் நெரிசல் தீர்ந்தால் அதுவே பெரும் பயன்தான்.

இனிக் காவல். அலுவலக அறைக்குப் பூட்டுப் போடுகிறோம். ஆனால் மதிற்சுவரின் வெளிப்புறத்தில், தெருவிலிருந்து எட்டும் உயரத்தில் காமிராவை மாட்டிவிட்டு, அதன் கம்பியை நேரே அலுவலகத்தின் உள்வலைக்குக் கொண்டு செல்கிறோம். காமிராவைக் கழற்றி அக்கம்பியில் தன் மடிக்கணினியைச் செருகுபவன், தலைமையாசிரியர் மேஜையின் முன் உட்கார்ந்தவன் ஆகிறான். மதிப்பெண் பதிவேடும் ஊதியப் பட்டியலும் அதே வலையில் இருந்தால் அவையும் அவன் கைக்கெட்டும்.

இதற்கான முதல் வேலி, ஒரே ஸ்விட்சைப் பல வலைகளாகப் பிரித்து நிறுத்துதல். வீலேன் என்று ஊழியர் வழங்கும் இம்முறைக்கு 802.1க்யூ என்ற விதி 1998-இல் வெளியாயிற்று. காமிராக்கள் ஒரு வலை, தொலைபேசிகள் ஒரு வலை, அலுவலகக் கணிப்பொறிகள் ஒரு வலை. காமிரா வலையிலிருந்து பதிவுப் பெட்டிக்கு மட்டும் வழி. வேறெங்கும், சிறப்பாக இணையத்துக்கு, வழியில்லை. இந்த ஒன்றைச் செய்தாலே பாதிக் காவல் முடிந்தது என்பது என் கருத்து.

ஆனால் பிரிவு என்பது பூட்டன்று. தொலைபேசியைச் செருகியதும் அது தானே குரல் வலையில் சேரும் பொருட்டு, ஸ்விட்சும் தொலைபேசியும் எல்.எல்.டி.பி. என்னும் முறையால் ஒன்றோடொன்று அறிமுகம் செய்து கொள்கின்றன. ‘நான் தொலைபேசி, எனக்கு இத்தனை வாட் வேண்டும்’ என்கிறது கருவி. ‘உன் வலையின் எண் இது, உன் முத்திரை இது’ என்கிறது ஸ்விட்சு. வசதியான ஏற்பாடு. ஆயினும் இந்த அறிமுகத்தில் சாட்சி கிடையாது. மடிக்கணினியும் தன்னைத் தொலைபேசி என்று சொல்லிக் கொள்ளலாம், ஸ்விட்சு நம்பிவிடும்.

மெய்யான பூட்டு 802.1எக்ஸ் என்னும் முறை. 2001-இல் முதன் முதல் வெளிவந்த இவ்விதியின்படி, செருகப்பட்ட கருவி தன் அடையாளத்தை நிரூபிக்கும் வரை வாயில் மூடியே இருக்கும். கருவி தன் சான்றிதழை நீட்டுகிறது. ஸ்விட்சு அதைத் தான் ஆராயாமல் ரேடியஸ் என்னும் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் ஆம் என்றால் வாயில் திறக்கும். ஸ்விட்சு இங்கே வாயிற்காப்போன் மாத்திரமே. தீர்ப்பு உள்ளே இருப்பவருடையது. தொலைபேசியும் அதன் பின்னுள்ள கணிப்பொறியும் ஒரே வாயிலில் நின்றாலும், இரண்டும் தனித்தனியே சான்று காட்டுமாறு அமைத்தல் கூடும்.

பழைய காமிராக்கள் பலவற்றுக்குச் சான்றிதழ் காட்டத் தெரியாது. அவற்றுக்காக, கருவியின் 48 பிட்டு வன்பொருள் முகவரியைக் கண்டே உள்ளே விடும் தளர்ந்த வழி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. அம்முகவரி பெரும்பாலும் காமிராவின் முதுகிலேயே அச்சிட்டு ஒட்டப்பட்டிருக்கும். யாரும் படித்துத் தன் கணிப்பொறிக்குச் சூட்டிக் கொள்ளலாம். பெயரைச் சொன்னதும் கதவைத் திறக்கும் காவலாளி இவன். ஆகவே இவ்வழியாக வந்தவர்க்குப் பதிவுப் பெட்டியைத் தவிர வேறெதையும் காட்டலாகாது.

கம்பியாலேயே மின்சாரம் ஊட்டுவதால் கிடைக்கும் உபகாரம் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. 25,000 ஓம் அடையாளம் இல்லாத மடிக்கணினிக்கு ஸ்விட்சு மின்சாரம் தராது. ஆகவே, நேற்று வரை 4.5 வாட் செலவழித்த வாயிலில் இன்று இணைப்பு உயிரோடிருந்தும் மின்செலவு சூனியமாக இருந்தால், அங்கே நிற்பது காமிரா அன்று. இது முடிவான சான்றாகாது. கெட்டிக்காரத் திருடன் இதற்கும் வழி காண்பான். ஆனாலும் ஸ்விட்சின் மின்செலவுப் பட்டியலை வாரம் ஒருமுறை நோக்குவது, வாட்டர் மீட்டரைப் பார்த்துக் குழாயின் ஒழுக்கைக் கண்டுபிடிப்பது போலப் பயன் தரும்.

காமிராவே கெட்டுப் போவதும் உண்டு. 2016-ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய நிரல், உலகெங்கும் இலட்சக்கணக்கான காமிராக்களிலும் பதிவுப் பெட்டிகளிலும் வீட்டு ரௌட்டர்களிலும் புகுந்தது. அது பூட்டை உடைக்கவில்லை. தொழிற்சாலையில் இட்ட பெயரும் கடவுச்சொல்லுமாக அறுபது சொச்சம் ஜோடிகளை வைத்துக் கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. மாற்றாதவர் வீட்டில் நுழைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் தேதி அந்தக் கருவிகள் கூட்டமாகத் தாக்கியதில், டைன் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் முகவரிச் சேவை நிலைகுலைந்து, பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. கருவிக்கு உரியவர்களில் பெரும்பாலோர் தம் காமிரா இதில் பங்கு கொண்டதை அறியவே இல்லை; அது வழக்கம் போலப் படமெடுத்துக் கொண்டுதான் இருந்தது. நம் நாட்டில் 2024-ஆம் ஆண்டு, மின்னணுப் பொருள்களின் கட்டாயப் பதிவு ஆணையில் கண்காணிப்புக் காமிராக்களுக்கான பாதுகாப்பு நிபந்தனைகள் சேர்க்கப்பட்டன. புதிதாக வாங்குவோர் இதைக் கேட்டு வாங்கலாம். முன்பே சுவரில் தொங்குவனவற்றின் கடவுச்சொல்லை மாற்றுவது நம் பொறுப்பு.

காமிராவைக் காப்பாற்றிவிட்டு ஸ்விட்சை மறந்துவிடுவோரும் உண்டு. வாயில்தோறும் மின்சாரத்தைத் தரவும் நிறுத்தவும் வல்லது அதன் ஆட்சிப் பக்கம். ஊழியர் தம் நாற்காலியிலிருந்தே தூரத்துக் காமிராவை அணைத்து ஏற்றிச் சீர்படுத்தலாம். அதே பக்கம் வேண்டாதவன் கைக்குப் போனால், அவன் ஏணியும் கத்தரியும் இன்றி எல்லாக் காமிராக்களையும் ஒரே நொடியில் குருடாக்குவான். வாயிற் கதவின் அட்டைக் கருவியையும் அணைப்பான். ஆகையால் ஆட்சிப் பக்கம் தனி வலையில் இருத்தல் வேண்டும். காமிரா வலையிலிருந்து அதைத் தொட இயலாதிருத்தல் வேண்டும். ஸ்விட்சை விசாரிக்கும் எஸ்.என்.எம்.பி. முறையின் பழைய பதிப்புகளில் ‘பப்ளிக்’ என்ற ஒரு சொல்லே கடவுச்சொல்லாக இட்டு வந்தது. அச்சொல் கம்பியில் மறைப்பின்றியே செல்லும். மூன்றாம் பதிப்புக்கு மாறிக் கொள்வதே தக்கது. ஸ்விட்சு வைத்த அலமாரிக்குச் சாதாரணத் திண்டுக்கல் பூட்டு ஒன்றும் போட்டு வைக்கலாம். கணிப்பொறிக் காவலில் அதற்கும் இடமுண்டு.

கள ஊழியர்கள் கேட்கும் கேள்வி இன்னொன்று: மின்சாரம் நின்றால் எத்தனை மணி நேரம் ஓடும்? ஸ்விட்சு எத்தனை வாட் ஊட்டுகிறதோ அதனோடு அதன் சொந்தச் செலவையும் இழப்பையும் கூட்டிக் கொள்ள வேண்டும். மொத்தம் 100 வாட் என்றால், 12 வோல்ட், 42 ஆம்பியர்-மணி பாட்டரி கணக்குப்படி 504 வாட்-மணி தரும். காகிதத்தில் ஐந்து மணி நேரம். பாட்டரியின் வயதையும் இன்வர்ட்டரின் இழப்பையும் நோக்கினால் மூன்றரை, நான்கு மணி என்று எண்ணிக் கொள்வதே விவேகம். மின்தடையின்போது தாழ்ந்த படிக் கருவிகளைக் கையாலேனும் அணைத்துவிட்டால், மீதியுள்ளவை விடியும் வரை தாங்கக் கூடும். வெளிச்சுவரில் உள்ள காமிராக் கம்பிகளுக்கு இடிதாங்கிக் கருவியும் சரியான நிலத்தொடர்பும் வேண்டும். ஒரு மின்னலில் ஸ்விட்சின் எட்டு வாயில்களும் போன இடங்கள் உண்டு.

அந்த உறைவிடப் பள்ளியில் நாங்கள் மறுநாள் மாலை வரை தங்கினோம். இருட்டிய பின் காப்பாளர் அம்மையார் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார், ஒலி வந்தது. எட்டு வாயில்களிலும் எது எது நிற்கிறது, எது எந்தப் படி என்பதை ஓர் அட்டையில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டும்படி பொறியாளர் சொன்னார். எழுதும் வேலை எனக்கு வந்தது. இந்தியில் எழுதினேன். எட்டாம் வாயிலுக்கு எதிரே, ‘விடுதித் தொலைபேசி, இன்றியமையாதது; கழற்றக் கூடாது’ என்பதைச் சிவப்பு மையால் எழுதச் சொன்னவர் அம்மையார்.